டும்புவின் வயிற்றில் ஒரு காது

ஜூன் 3, திங்கள்

பதினோரு மணிக்குச் செல்வியிடமிருந்து போன். நான் ஐ.டி.ஐ. பட்டறையில் முதலாமாண்டு பிட்டர் மாணவர்களுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து எடுத்தேன்.

“வந்துருச்சுங்க” என்றாள்.

எது என்று கேட்கவில்லை. தத்தெடுப்புக்குப் பதிந்துவிட்டு நாங்கள் நான்கு வருடமாக வேறு எதற்கும் காத்திருக்கவில்லை.

பெண் குழந்தை. பெயர் தாரணி. ஐந்தரை வயது. திருச்சிப் பக்கம் ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். உயரம் 101 சென்டிமீட்டர், எடை 14 கிலோ. போட்டோவில் கேமராவைப் பார்க்காமல் யாரையோ முறைத்துக்கொண்டிருக்கிறாள். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். செல்வி தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தபடியே போனில் சம்மதப் பட்டனை அமுக்கிவிட்டாள்.

“உங்கள்ட்ட கேக்காமலே அமுக்கிட்டேன். கோவமா?”

“நல்லதாப் போச்சு” என்றேன்.

போன தடவை அந்தப் பொறுப்பு என்னிடம் இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 5, புதன்

காப்பகத்தின் சமூகப் பணியாளர் அமலா மேடம் பேசினார். இருபத்து நான்காம் தேதி நேரில் வரலாம். செல்வி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“ஒண்ணு சொல்லிடறேன் சார். தாரணி லேசுல யார்கிட்டயும் வரமாட்டா. போன வருசம் ஒரு தம்பதி வந்து ரெண்டு நாள் கொஞ்சிட்டுப் போனாங்க. பெரிய கரடி பொம்மை, சாக்லேட்டெல்லாம் கொடுத்தாங்க. அப்புறம் வரவே இல்ல. அதுலேர்ந்து யாராவது பொம்மை கொண்டாந்தா கட்டிலுக்கு அடியில போயிடுவா.”

“அவளுக்கு என்னதான் பிடிக்கும்?” என்று செல்வி கேட்டாள்.

“ஒரு மிருகம் வரைவா. அதத்தான் எப்பவும் வரைவா. பேரு டும்பு. எந்தக் கதையிலயும் இல்ல, அவளே கண்டுபிடிச்சது. போட்டோ அனுப்பறேன், பாருங்க.”

வந்தது. பூசணிக்காய் மாதிரி உருண்டையான நீல உடம்பு. தலையில் இரண்டு நீளக் காது, ஆரஞ்சு நிறம். குட்டையாக நான்கு கால். வயிற்றின் நடுவில் இன்னொரு ஆரஞ்சு வளைவு. வாய் கிடையாது. ஆனாலும் பார்த்தால் சிரிப்பது போலத்தான் இருக்கிறது.

“இது கடையில கெடைக்காது” என்றேன். “நான் பண்ணுறேன்.”

“தகரத்துலயா?”

“வேற எதுல?”

“கட்டிப்புடிச்சுத் தூங்குற புள்ளைக்குக் கன்னத்துல கீறாது?” செல்வி சிரித்தாள். நான் யோசித்தேன்.

ஜூன் 7, வெள்ளி

எங்கள் ஐ.டி.ஐ.யில் தையல் பிரிவு ஆசிரியை நூர்ஜஹான் மேடம். என்னைவிடப் பத்து வயது இளையவர். படத்தைக் காட்டினேன்.

“குரோஷாவுல போட்டுரலாம் சார். நான் போட்டுத் தரவா? ஒரு வாரம் போதும்.”

“இல்ல மேடம். நான்தான் போடணும்.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து குரோஷா பின்னும் கொக்கி ஊசி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்றரை மில்லிமீட்டர். பட்டறைக்கு வந்ததும் வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். 3.48. குற்றம் சொல்ல முடியாது.

ஜூன் 9, ஞாயிறு

இருபது வருடமாக இரும்பை இழைக்கும் கை இது. ஒரு நூல் வளையத்துக்குள் ஆறு கண்ணி போட முடியவில்லை.

முதலில் விரலில் நூலைச் சுற்றி ஒரு வளையம் செய்ய வேண்டும். அதற்குள் ஊசியை விட்டு நூலை இழுத்து, கண்ணி கண்ணியாகப் போட்டு, கடைசியில் வால் நூலை இழுத்தால் வளையம் மூடிக்கொள்ளும். வீடியோவில் அந்தப் பெண் ஒரு நிமிடத்தில் செய்கிறாள். எனக்குக் காலை எட்டு மணிக்குத் தொடங்கி, ஏழு தடவை அவிழ்ந்து, எட்டாவது தடவை மூடிக்கொண்டபோது மணி பத்தரை. செல்வி இட்லியை ஊட்டாத குறை.

அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் பன்னிரண்டு. அதற்கடுத்து பதினெட்டு. அப்படியே கூட்டிக்கொண்டு போனால் பந்து பிறக்கும் என்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு எனக்குப் பிறந்தது ஒரு தொப்பி, அதுவும் ஒரு பக்கம் சரிந்தது. எங்கோ எண்ணிக்கை விட்டுப்போயிருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

பிரித்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

மறுபடியும் பிரித்தேன். நூல் நைந்துவிட்டது. புது உருண்டை வாங்க வேண்டும்.

ஜூன் 12, புதன்

தவறு எங்கே என்று புரிந்தது. சுற்று எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளம் வைக்காமல் கண்ணை நம்பினேன். என் மாணவன் இப்படிச் செய்தால் திட்டுவேன். இப்போது ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஒரு ஊக்கு மாட்டுகிறேன்.

இன்னொன்றும் செய்தேன். தாரணியின் படத்தை வரைதாளில் முறைப்படி மாற்றி வரைந்தேன். முன்தோற்றம், பக்கத் தோற்றம். உடம்பின் விட்டம் 140 மில்லிமீட்டர். காது நீளம் 90. வயிற்றில் இருக்கும் வளைவு என்னவென்று வெகு நேரம் பார்த்தேன். கங்காரு மாதிரி ஒரு பை என்று முடிவு செய்து, “பை – 1” என்று குறித்துக்கொண்டேன்.

தெப்பக்குளம் பக்கத்துக் கடையில் நீலமும் ஆரஞ்சுமாக உல்லன் நூல் வாங்கினேன். ஆசிரியர் அறையில் வெல்டிங் குருசாமி பார்த்துவிட்டார்.

“என்ன சார், ஸ்வெட்டரா? நம்ம விருதுநகர் வெயிலுக்கு ரொம்ப அவசியந்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இருபத்து நான்கு கண்ணி எண்ணினேன்.

ஜூன் 14, வெள்ளி

உடம்பு பாதி முடிந்தது. வலது கைப் பெருவிரல் மடங்கவில்லை. நூர்ஜஹான் மேடம் வாங்கிப் பார்த்து ஊசியை உள்ளே விட முயன்றார். போகவில்லை.

“சார், நூல ஏன் இப்படி முறுக்கிப் புடிக்கிறீங்க? இது என்ன போல்ட்டா? கொஞ்சம் எடம் விடுங்க. அடுத்த கண்ணி உள்ள வரணும்ல?”

விட்டுப் பார்த்தேன். பழக வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

உடம்புக்குள் பஞ்சு அடைக்கச் செல்வியும் உட்கார்ந்தாள். நான் கண்ணி குறைத்துக் குறைத்துத் திறப்பை மூடிக்கொண்டுவர, அவள் பென்சில் முனையால் பஞ்சைத் திணித்தாள். நல்ல காலை நேரம். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் பாட்டுக்குச் சொன்னாள்:

“போன தடவ மட்டும் நெட்டு ஒழுங்கா இருந்துருந்தா, கவின் இப்ப ரெண்டாங்கிளாஸ் போயிருப்பான், இல்ல?”

நான் ஊக்கைக் கழற்றி அடுத்த சுற்றில் மாட்டினேன்.

உடம்பு முடிந்தது. விட்டம் 146. ஆறு மில்லிமீட்டர் அதிகம்.

ஜூன் 17, திங்கள்

இன்று ஒன்றும் பின்னவில்லை.

எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கவின் என்ற பையனின் விவரம் வந்தது. நான்கு வயது. இடது காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி நடப்பான் என்று மருத்துவ அறிக்கையில் இருந்தது. செல்வி அப்போது சாத்தூரில் ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவோடு இருந்தாள். “நீங்களே சரின்னு போட்டுருங்க” என்று போனில் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள், சந்தோஷத்தில்.

இரண்டு நாளும் லேப்டாப்பைத் திறந்து வைத்து அவன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் ஒரு காரணமே இல்லை. நான்கு வயதுப் பையனுக்கு எல்லாம் நினைவிருக்கும். என்னைப் பார்த்து “நீ யாரு?” என்று கேட்பான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கைக்குழந்தை என்றால் கேட்காது. நாற்பத்தெட்டு மணி நேரம் தானாகவே முடிந்தது. நான் செல்வியிடம் நெட் வேலை செய்யவில்லை என்று சொன்னேன்.

அவனை வேறு யாராவது எடுத்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை.

ஜூன் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அவள் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். துண்டை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது.

“நெட்டு இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“ரெண்டு நாளும்?”

“ரெண்டு நாளும்.”

துண்டை வாங்காமல் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த நெட்டுக்காரன நான் எத்தனை பேர்கிட்ட திட்டியிருப்பேன் தெரியுமா? எங்கம்மா சாகுற வரைக்கும் திட்டுனா.”

அதற்கு மேல் அவள் எதுவும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 19, புதன்

சாப்பாடு மேசை மேல் மூடி வைத்திருந்தது. இரண்டு காதும் முடித்தேன்.

ஜூன் 20, வியாழன்

கால்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது சுற்று. மூன்றாவது காலில் ஒரு கண்ணி தப்பியிருந்தது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இருந்தாலும் ஐந்து சுற்றைப் பிரித்துத் திரும்பப் போட்டேன்.

செல்வி இன்றும் பேசவில்லை. பக்கத்து அறையில் பீரோவைத் திறந்து சின்ன அலமாரி ஒன்றைக் காலி செய்யும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் போதுமாக இருந்தது.

ஜூன் 21, வெள்ளி

காலையில் காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“டிக்கெட் போட்டாச்சு. ரெண்டு பேருக்கும்.”

தலையாட்டினேன்.

“ஒங்கள நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு வராதீங்க. அது ஆகும்போது ஆகட்டும். இப்பப் போறது அவளுக்காக. ஆனா ஒண்ணு. அங்க போயி ஒங்களுக்கு பயமா இருந்துச்சுன்னா, பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லுங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க. பயத்த ரெண்டு பேரும் சேந்து தாங்கிக்கிடலாம். பொய்ய நான் ஒருத்தியாத் தாங்கணும்.”

“இப்பவே பயமாத்தான் இருக்கு” என்றேன்.

அவள் டும்புவின் உடம்பை எடுத்து மடியில் வைத்து, “கண்ணு எங்க வரணும்?” என்று கேட்டாள்.

குழந்தை கடித்துப் பிய்த்து விழுங்கிவிடக் கூடாது என்று பிளாஸ்டிக் கண் வைக்கவில்லை. கறுப்பு நூலில் செல்வியே தைத்தாள். நான் காதுகளையும் கால்களையும் பொருத்தினேன். கடைசியாக வயிற்றில் பை. நிற்க வைத்துப் பார்த்தோம். கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. ஆனால் விழவில்லை.

ஜூன் 24, திங்கள். திருச்சி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத முயல்கிறேன்.

பத்து மணிக்குக் காப்பகத்துக்குப் போனோம். அமலா மேடம் எங்களை ஒரு கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார். சுவர் முழுக்கக் குழந்தைகளின் படங்கள். தாரணி வந்தாள். போட்டோவில் இருப்பதைவிடச் சின்னவள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வி தன் கையை என் கை மேல் வைத்தாள். ஆறு நாளில் முதல் தடவை.

“நீ யாரு?” என்றாள் தாரணி. என்னைப் பார்த்துத்தான்.

“தெய்வேந்திரன்” என்றேன். “விருதுநகர்லருந்து வாரேன். டும்புவப் பண்ணிக் கொண்டாந்திருக்கேன்.”

பையிலிருந்து எடுத்துப் பாயில் வைத்தேன். அவள் கட்டிலைத் தேடி ஓடவில்லை. பக்கத்தில் வந்து, தொடாமல், சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பின்பக்கம்கூடக் குனிந்து பார்த்தாள். என் வேலையை எந்த மேலதிகாரியும் இப்படிச் சோதித்தது கிடையாது.

“இது டும்பு இல்ல” என்றாள்.

அமலா மேடம் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“எங்க தப்பு?”

வயிற்றில் இருந்த பையை ஒரு விரலால் தள்ளினாள். “இது என்ன?”

“பை.”

“பையா! அது காது!”

“வயித்துல காதா?”

“ஆமா. வயித்துக்குப் பசிச்சா அதுக்குத்தான் கேக்கும். மேல உள்ள காதுக்குக் கேக்காது.” இவ்வளவு தெரியாதவனா என்பது போல என்னைப் பார்த்தாள்.

சட்டைப் பையில் கொக்கி ஊசி இருந்தது. செல்வியின் கைப்பையில் மீதி நூல் இருந்தது. அவள்தான் கொண்டுவந்திருந்தாள், நான் சொல்லவில்லை. பையைப் பிரித்தேன். பதினோரு சுற்று. நூல் சுருள் சுருளாக அவிழ்வதைத் தாரணி வாயைத் திறந்து பார்த்தாள்.

“அழிக்கிற?”

“தப்பா இருந்தா பிரிச்சுட்டு மறுபடி போடணும்.”

“அழிஞ்சா போயிரும்ல?”

“நூல் இங்கனதான இருக்கு. எங்கயும் போகாது.”

உட்கார்ந்தாள். என் பக்கத்தில் இல்லை. செல்விக்கும் எனக்கும் எதிரே, ஒரு கை தூரத்தில். நூல் உருண்டை உருண்டு போனபோது காலால் நிறுத்தி, பிறகு மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் இழுக்க இழுக்க அவள் நூலை விட்டுக்கொண்டிருந்தாள். காது முடிய ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவள் செல்வியிடம் பேசியவை: இங்கே ரசம் காரம். மீனா அக்கா தலை சீவினால் வலிக்கும். பக்கத்துக் கட்டில் பாப்பா தூக்கத்தில் சிரிக்கும்.

காதைத் தைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வயிற்றுக் காதில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். எங்களுக்குக் கேட்கவில்லை.

“சரியா?” என்றேன்.

“காலு குட்டையா இருக்கணும். நாளைக்கு மாத்து.”

லாட்ஜுக்கு நடந்து வரும் வழியில் செல்வி அழுதாள். நான் ஒரு கடை வாசலில் நின்று சோடா வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

நான்கு காலிலும் இரண்டு சுற்று குறைத்தேன். “இப்பத்தான் டும்பு” என்றாள். மதியம் கிளம்பும்போது, “போயிட்டு வாரோம்” என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டும்புவைத் தரையில் போட்டுவிட்டாள்.

நான் குனிந்து உட்கார்ந்தேன். “தாரணி, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வருவேன். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு ஊருக்குப் போவோம். காகிதம் எல்லாம் ஆக ரெண்டு வாரம் ஆகும். அப்புறம் வந்து ஒன்னயக் கூட்டிக்கிட்டுப் போவோம். நடுவுல தெனமும் சாயங்காலம் அஞ்சரைக்கு போன் பண்ணுவேன்.”

“அந்தக் கரடி மாமாவும் சொன்னாங்க.”

அதற்கு வந்து காட்டுவதுதான் பதில்.

ஜூன் 26, புதன்

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய்விட்டோம். ஏற்புப் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். முதலில் நான் போட்டேன்.

ஜூன் 27 – ஜூலை 7

அஞ்சரைக்கு போன். பதினோரு நாளும். முதல் மூன்று நாள் அவள் பேச வரவில்லை. அமலா மேடம், “பக்கத்துலதான் நிக்கறா, சொல்லுங்க சார்” என்பார். நான் அன்று என்ன செய்தேன் என்று சொல்வேன். அரம் பிடித்தேன், பீன்ஸ் வாங்கினேன், குருசாமி சார் வண்டி பஞ்சர். நான்காம் நாள் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. ஐந்தாம் நாள், “பஞ்சர் ஒட்டியாச்சா?”

செல்வி அலமாரிக்குப் புதுத் தாள் விரித்தாள். என்னோடு வழக்கம்போல் பேசுகிறாள். சில நேரம் நடுவில் நிறுத்திக்கொள்கிறாள். நிறுத்தட்டும்.

ஜூலை 8, திங்கள். ரயிலில்

காலை பதினோரு மணிக்குத் தாரணியை எங்களோடு அனுப்பினார்கள். ஒரு துணிப்பை, இரண்டு கவுன், ஒரு நோட்டு நிறைய டும்பு. கையில் நிஜ டும்பு. பதினான்கு நாளில் அழுக்காகி, ஒரு காது தொங்கியிருந்தது.

வாசலில் எல்லாக் குழந்தைகளும் நின்றார்கள். பக்கத்துக் கட்டில் பாப்பா, மூன்று வயது இருக்கும், தாரணியின் கவுனைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தேம்பித் தேம்பி அழுதது. அமலா மேடம் விலக்கப் பார்த்தார். தாரணி டும்புவை அந்தப் பாப்பாவின் கைக்குள் திணித்தாள்.

“வயித்துக் காதுல சொல்லு. அதுக்குக் கேக்கும்” என்றாள்.

ஆட்டோவில் ஏறினோம். எத்தனை தடவை பிரித்தது, எத்தனை எண்ணியது. அதைவிட, இரவில் இவள் எதைக் கட்டிக்கொண்டு தூங்குவாள் என்ற கவலை. தெரு முனை திரும்பும் வரை சொல்லாமல் அடக்கிப் பார்த்தேன்.

“டும்புவக் குடுத்துட்டியேம்மா.”

தாரணி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அழவில்லை. வயிற்றில் காது இருப்பதை எனக்கு விளக்கிய அதே முகம்.

“நீதான் கூட இருக்கியே” என்றாள். “வேற பண்ணு.”